இரண்டாவது சிடி எங்கே என்று கேட்டவனுக்கு

தம்பி,

போன வாரம் நீ போன் செய்து, "டாக்டர் என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டாய். "ஒன்னும் இல்ல லா, வயசானா வர்றதுதான்" என்றேன். நீ "ம், சரிப்பா" என்றாய். அந்த "ம்" எனக்குத் தெரியும். அதில் நம்பிக்கை வீசம்கூட இல்லை. போனை வைத்துவிட்டு, பெற்ற அப்பன் வார்த்தையை நம்பாத பிள்ளை என்று இரண்டு நாள் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நீ புதிதாக எழுதிய விமர்சனத்தைப் படித்தேன். படித்த பிறகு திட்ட வாய் வரவில்லை. நீ என்னை நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் உனக்கே முழுதாகத் தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதும்போதும் மாற்றிவிடுவேனோ என்று என்மேல் எனக்கே சந்தேகம். அதனால் நிதானமாகப் படி. எங்கேயாவது வழவழ கொழகொழவென்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் நின்று யோசி.

நீ இந்த விமர்சனம் எழுதும் வேலையைத் தொடங்கியபோது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கோலாலம்பூரில் நல்ல ஆபீஸ் வேலை இருக்கும்போது, பிள்ளைகள் வீட்டில் போட்டுப் பார்க்கிற கார்ட்டூன் படத்தையும் குடும்பப் படத்தையும் சிடி வாங்கிப் பார்த்து நல்லது கெட்டது எழுதுவது ஒரு பெரிய மனிதன் செய்கிற காரியமா என்று நினைத்தேன். படம் விற்கிறவனே உனக்குச் சும்மா சிடி அனுப்புகிறான் என்று கேட்டதும் என் சந்தேகம் இரட்டிப்பானது. சும்மா கொடுக்கிறவன் சும்மா கொடுப்பானா? அட்டையில் "குடும்பத்துடன் கண்டு மகிழுங்கள்" என்று போட்டிருந்தால், குடும்பத்தை எட்ட உட்காரச் சொல்லிவிட்டு முதலில் தனியாகப் பார்க்கிற ஆள் நான். நீ எழுதியதையும் அப்படித்தான் சோதித்தேன். நீ வாங்கிக் கொடுத்த பிளேயரில், நீ எழுதிய படங்களையே தேடி வாங்கிப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு படத்தில் யானைக் கூட்டம் தீயில் மாட்டிக்கொள்ளும் இடம் இருபத்து மூன்றாவது நிமிடம் என்று எழுதியிருந்தாய். இருபத்தைந்து. இன்னொன்றில் தமிழ் எழுத்து கீழே ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். ஓடுகிறது, ஆனால் பாட்டு வந்ததும் நின்றுவிடுகிறது. அதை நீ எழுதவில்லை. இதையெல்லாம் உன்னிடம் சொன்னதில்லை. உன் எழுத்தை நான் படிக்கிறேன் என்பதே உனக்குத் தெரியாது. ஐந்து வருடமாக ஒன்று விடாமல் படித்திருக்கிறேன்.

படிக்கப் படிக்க வேறொரு சந்தேகம் வளர்ந்தது. எல்லா விமர்சனத்தின் கடைசியிலும் "பெற்றோருக்கு" என்று ஒரு பத்தி எழுதுகிறாய். படத்தில் யார் சாகிறார்கள், எந்த இடத்தில், பிள்ளை எவ்வளவு பயப்படும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, "இந்த இடத்தைத் தள்ளிவிடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்" என்று முடிக்கிறாய். படம் நன்றாக இருந்தாலும் சரி, குப்பையாக இருந்தாலும் சரி, அந்த வரி மட்டும் மாறுவதில்லை. நீ ஊரில் உள்ள பெற்றோருக்கெல்லாம் எழுதுகிறாயா, கேமரன் மலையில் இருக்கிற ஒரே ஒரு ஆளுக்கு எழுதுகிறாயா என்று பலமுறை கேட்கத் தோன்றியது. கேட்டால், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாகிவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நீர்நாய்க் குட்டிப் படத்தை எழுதினாய். பழைய படம், இப்போது கழுவித் துடைத்துப் புதுச் சிடியாக வந்திருக்கிறது என்றாய். நிறம் பளிச்சென்று இருக்கிறது, ஆற்றுச் சத்தம் வீட்டைச் சுற்றி ஓடுகிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, நடுவில் இப்படி எழுதியிருந்தாய்: "சின்ன வயதில் இந்தப் படத்தின் முதல் பாதியை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். எங்கள் வீட்டில் இரண்டாவது சிடி இல்லை. ஏன் இல்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிச்சத்தை முப்பத்து மூன்று வயதில் இப்போதுதான் பார்த்தேன்." அவ்வளவுதான். அடுத்த வரியிலேயே மறுபடியும் ஒலியைப் பற்றி எழுதப் போய்விட்டாய். மிச்சத்தைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் எழுதுகிறவன் அதை மட்டும் ஏன் விட்டாய்? இரண்டாவது சிடி இருந்தது, தம்பி. நான்தான் ஒளித்து வைத்தேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதிய நான் எப்படிப்பட்ட கிராணி என்று உனக்குத் தெரியும். கொழுந்து மூட்டையின் வாயைப் பிரித்து மேலாகப் பார்த்து நிறுத்து அனுப்புகிற கிராணிகள் உண்டு. நான் தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பேன். மேலே இளம் கொழுந்து இருக்கும், அடியில் முற்றின இலையும் குச்சியும் கிடக்கும். சில மூட்டையில் கனத்துக்குத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். "கிராணிக்கு அவரு கை மேலயே சந்தேகம் லா" என்று பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். எந்தத் துரையும் என் கொட்டகையிலிருந்து போன இலையைக் குறை சொன்னதில்லை. அதே கையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன் பார், அதுதான் நான் செய்த தப்பு. மூட்டையில் ஆகாததைப் பொறுக்கி எறிந்தால் மிச்சம் நல்ல கொழுந்து. பிள்ளையின் காதுக்குப் போகிற செய்தியையும் அப்படியே பொறுக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

உன் அம்மாவை ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நீ தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவேன். உன்னைப் பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தையிடம் விட்டுவிட்டுப் போவேன். நீ பின்னாலேயே ஓடிவராமல் இருக்க ஒரு கார்ட்டூன் படம் வேண்டும். சனிக்கிழமை ராத்திரிச் சந்தையில், பிரிஞ்சாங் பாசார் மாலாமில் வாங்குவேன். அப்போது ஒரு படம் இரண்டு சிடியாக வரும், உனக்கு நினைவிருக்கும், முதலாவதில் பாதி, இரண்டாவதில் மீதி. இந்த வாரம் வாங்கினால் அடுத்த வாரம்தான் உன் கைக்கு வரும். நடுவில் நான் பார்த்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது, நீ பள்ளியில் இருக்கும் நேரத்தில், சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். கிராணி பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன படம் பார்க்கிறார் என்று லயத்து வீடுகளில் பேச்சு கிளம்பியது. லெட்சுமி நேராகவே கேட்டாள். "என்னாண்ணே, அண்ணி ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க, நீங்க கதவ சாத்திக்கிட்டு படம் பாக்குறீங்களாமே?" "கார்ட்டூன் லா" என்றேன். அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், அதில் என் மானமே போய்விட்டது. உண்மையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

நீர்நாய்ப் படத்தில் தாய் நீர்நாய் வெள்ளத்தில் இறங்கிப் போகும், குட்டி கரையில் உட்கார்ந்து காத்திருக்கும். அங்கே முதல் சிடி முடிகிறது. இரண்டாவதில் தாய் வராது. குட்டி அழும், பட்டினி கிடக்கும், பிறகு தானாக மீன் பிடிக்கப் பழகும். நல்ல படம்தான். ஆனால் நான் சோற்றைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினேன். அன்று சாயங்காலமே அந்த இரண்டாவது சிடியைக் கொழுந்துக் கொட்டகை டிராயரில் போட்டுப் பூட்டினேன். உன்னிடம், "விக்கிறவன் ஒன்னுதான் லா குடுத்தான்" என்றேன். "அப்ப அந்தம்மா வருமாப்பா?" என்று கேட்டாய். "வந்துரும் லா. ரெண்டாவது சிடியில கண்டிப்பா வந்துரும்." நீ அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். "எங்கம்மா?" "அம்மாவும் தீபாவளிக்கு வந்துருவாங்க." சொன்னபோது என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

ஒரு ஞாயிறு ஈப்போவிலிருந்து திரும்பியபோது லெட்சுமி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "படம் முடிஞ்சோன்ன இவன் அந்த சிடிய எடுத்து திருப்பிப் போடுறான்ணே. பின்னாடிப் பக்கத்துல மிச்சம் இருக்குமான்னு பாக்குறான். எனக்கு வயிறு எரியுது. அடுத்த வாரம் நானே அவன கூட்டிக்கிட்டு உங்ககூட வர்றேன், அவன் அம்மாவ பாக்கட்டும்." நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரியில் நடப்பதைப் பார்த்து வந்து லயம் முழுக்கப் பேசத்தான் இவள் வருகிறாள் என்று நினைத்தேன். "வேணாம்மா, சின்னப் புள்ளைங்கள உள்ள விட மாட்டாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. உன் அம்மா போன பிறகு ஆறு மாதம் உனக்குச் சோறு போட்டவள் அவள்.

இதுவரை சொன்னதை நீ ஊகித்திருப்பாய். இனிச் சொல்வதை ஊகித்திருக்க மாட்டாய். உன் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் உன்னைக் கேட்டாள். "தம்பிய கூட்டிட்டு வாங்க. ஒரு தடவ பாத்துக்கிறேன்." சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்பது சட்டம்தான், அது பொய்யில்லை. ஆனால் அந்த வார்டில் இருந்த மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி உன் அம்மா கெஞ்சுவதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பாவா சாஜா" என்றாள், கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. மூன்று ஞாயிறு சொன்னாள். அந்த நல்லவளையும் சந்தேகப்பட்டேன். எதற்கு இவ்வளவு அவசரப்படுத்துகிறாள், நமக்குத் தெரியாதது இவளுக்கு என்ன தெரியும் என்று. உன் அம்மாவிடம் ஒரு வாரம் உனக்குக் காய்ச்சல் என்றேன், ஒரு வாரம் பரீட்சை என்றேன். அவளை அந்தக் கோலத்தில் பார்த்தால் நீ தாங்கமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்காதவன் நான். பார்த்துவிட்டு வந்து நீ "அம்மா செத்துருவாங்களாப்பா?" என்று கேட்பாய், அதற்குப் பதில் சொல்லப் பயந்தேன். கடைசி ஞாயிறு அவள் உன்னைக் கூட்டி வரச் சொல்லவில்லை. நான் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. "அவன் சாப்புடுறானா?" என்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை போய்விட்டாள். அவள் உன்னைக் கேட்டாள், தம்பி, திரும்பத் திரும்பக் கேட்டாள். இருபத்து நாலு வருடமாக உனக்குச் சேர வேண்டிய அந்தச் செய்தியை நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நீ என்னிடம் வந்து, "ரெண்டாவது சிடி வாங்கிட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். வேறு எதுவும் கேட்கவில்லை. "அந்தக் கடக்காரன் இப்ப வர்றதில்ல லா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், அதுவும் அந்தச் சோற்றைத் தின்னப்போகிற பிள்ளையின் கண்முன்னாலேயே. அதற்குப் பிறகு நீ என்னை எதுவும் கேட்டதில்லை. எந்தப் படிப்பு, எந்த வேலை, எந்தப் பெண் என்று எல்லாவற்றையும் நீயே முடிவெடுத்துவிட்டு வந்து சொன்னாய். மகன் கெட்டிக்காரன், யார் கையையும் எதிர்பார்க்காதவன் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். உள்ளுக்குள் எனக்குத் தெரியும், அப்பாவைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாய். போன வாரம் டாக்டரைப் பற்றிக் கேட்டாயே, இத்தனை வருடத்தில் பதில் வேண்டும் என்று நீ என்னைக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். அதற்கும் நான் "ஒன்னும் இல்ல லா" என்றேன்.

போன பள்ளி விடுமுறையில் என் பேத்தி தர்ஷினியை ஒரு வாரம் என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். இந்தத் திரிங்காப் வீட்டில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? ஜன்னலைத் திறந்தால் கோஸ் ஏற்றிக்கொண்டு போகிற லோரிதான். நீ கொடுத்தனுப்பிய படங்களில் ஒன்றைப் போட்டேன். அதில் ஒரு கொக்குக் குடும்பம். அப்பா கொக்கு புயலில் மாட்டுகிற இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், நீ எழுதியதைப் படித்திருந்தேனே. ரிமோட்டை எடுத்து மெல்லத் தள்ளினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏன் தாத்தா தள்ளுறீங்க? அந்த அப்பா செத்துருவாரு, எனக்குத் தெரியும்." "யாரு சொன்னா?" "அப்பாதான். இந்த எடத்துல அழுவலாம்னு சொன்னாரு." திரும்பப் பின்னால் ஓட்டிப் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், அழுதாள், என் சட்டையில் மூக்கைத் துடைத்தாள், பிறகு பிஸ்கட் கேட்டாள். பிஸ்கட் எடுக்கிற சாக்கில் நான் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேன். உன்மேல் பொறாமையாக இருந்தது. உன் பிள்ளை உன்னை எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்புகிறாள்.

எனக்கு அறிவுரை சொல்லும் தகுதி இல்லை. இருந்தாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. சும்மா சிடி அனுப்புகிறவனை நம்பாதே, அவன் படத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுது. நிமிடத்தைச் சரியாகப் போடு, உன் எழுத்தை நம்பி ஒரு தாய் அடுப்படிக்குப் போயிருப்பாள். "பக்கத்தில் உட்காருங்கள்" என்று எழுதுகிறாயே, உட்கார முடியாமல் எழுந்து ஓடுகிறவர்களுக்கும் ஒரு வரி எழுது. அவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, சிலர் வெறும் பயந்தாங்கொள்ளிகள். என்னை மன்னித்துவிடு என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், இந்த மனுஷன் எதற்கு அடிபோடுகிறார் என்று நீ யோசிப்பாய், அது நியாயம்தான். இந்தக் கடிதத்தை நீ விமர்சனம் போடுகிற பக்கத்தில் எல்லோரும் படிக்கப் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி டாக்டர் சொன்னது. குடலில் கட்டி. ஒரு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், கெட்ட கட்டிதான். அடுத்த மாதம் ஆப்பரேஷன். வயிற்றைத் திறந்த பிறகுதான் எவ்வளவு பரவியிருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். "நல்லாயிருமா டாக்டர்?" என்று கேட்டேன். "பாக்கலாம் அங்கள்" என்றார், அவரும் நம் ஆள்தான். அந்தப் "பாக்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை. நாலு மாதமாக இரத்தம் போகிறது. தர்ஷினி இங்கே இருந்தபோதும் போனது, உன்னிடம் மறைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டரைப் பார்த்த அன்று ஈப்போ ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் ஒரு விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டே, "வாரிஸ் யாரு அங்கள்?" என்று கேட்டாள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்தச் சொந்தத்துக்குத் தகவல் சொல்வது என்று எழுதுகிற இடம். யாரும் இல்லை என்றேன். உன் பெயரைக் கொடுத்தால் உனக்குப் போன் வரும், உனக்குத் தெரிந்துவிடும். அதற்காகப் பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்னேன். உன் விமர்சனத்தைப் படித்த மறுநாள் காலையில் மறுபடி பஸ் ஏறி ஈப்போவுக்கு இறங்கினேன். அதே பெண்தான் இருந்தாள். பாரத்தைத் திருத்த வேண்டும், எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்றேன். "அன்னைக்கி யாரும் இல்லன்னு சொன்னீங்களே அங்கள்?" "அது பொய்மா." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, உன் பெயரையும் நம்பரையும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டாள். டாக்டரையும் பார்த்தேன். என் மகன் கேட்டால் ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஈப்போ நம்பரிலிருந்து போன் வந்தால் எடு. வராவிட்டால் நீயே கூப்பிடு, நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முடிந்தால் ஆப்பரேஷனுக்கு முன்னால் வா, தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வா. அதற்குள் நீ போன் செய்தால் நான் தைரியமாக ஏதாவது பேசுவேன், சிரிக்கக்கூடச் செய்வேன், பழகிய வாய் அப்படித்தான். டாக்டர் சொல்வதும் நான் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால், நீ அவரையே நம்பு.

அப்பா